காதலுக்காகக் கட்டப்படாத பாலம்

ஹைதராபாத்தின் ‘புரானா புல்’ என்னும் பழைய கற்பாலத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் பெரும்பாலும் ஒரு காதல் கதையிலிருந்தே தொடங்குகின்றனர். கோல்கொண்டாவின் இளவரசர் முகம்மது குலி, மூசி ஆற்றின் தென்கரையிலிருந்த சிச்லம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த பாக்மதி என்ற நடனமங்கையிடம் மனத்தைப் பறிகொடுத்தார். வெள்ளம் பெருக்கெடுத்த ஒரு நாளில் உயிரைப் பொருட்படுத்தாது குதிரையை ஆற்றில் இறக்கினார். செய்தி கேட்டு அஞ்சிய தந்தை இப்ராகிம் குதுப் ஷா, மகன் ஆற்றோடு போய்விடாதிருக்கும் பொருட்டு 1578-இல் பாலம் ஒன்றைக் கட்டி முடித்தார். கதை இவ்வளவே. இதற்கு ஒரு சொற்பிறப்பு விளக்கமும் உண்டு: பாலத்தின் பெயர் முதலில் ‘ப்யாரானா புல்’, அதாவது அன்புப்பாலம் என்றும், அதுவே காலப்போக்கில் ‘புரானா’ எனத் திரிந்தது என்றும் சொல்லப்படுகிறது.

சுற்றுலாக் கையேடு இதைச் சொல்வதில் வியப்பில்லை. விற்பனைக்கு ஒரு கதை வேண்டும். ஆனால் கட்டடக்கலை மாணவர்களின் கருத்தரங்குக் கட்டுரைகளிலும், நகர வரலாற்று ஆய்வேடுகளின் முன்னுரைகளிலும் இதே கதை ‘மரபுச் செய்தி’ என்ற போர்வையுடன் வந்து உட்காரும்போது அது கேள்விக்குரியதாகிறது. கதை பொய் என்பது சிறிய குற்றச்சாட்டு. பாலம் யாருக்காக, எதற்காக, எவ்வகை அறிவைக்கொண்டு கட்டப்பட்டது என்ற மூன்று வினாக்களையும் அது எழவொட்டாமல் தடுக்கிறது என்பதே பெரிய குற்றச்சாட்டு.

முதலில் ஆண்டுக் கணக்கு. முகம்மது குலி பிறந்தது 1565-66 அளவில். அவர் அரியணை ஏறியது 1580-இல். பாலம் முடிந்த 1578-இல் அவருக்கு வயது 12 அல்லது 13. ஆற்றின் குறுக்கே 22 கண்கள் கொண்ட கற்பாலம் ஒரே பருவத்தில் எழுவதன்று. மூசி மழையை நம்பிய ஆறு. அனந்தகிரி மலையில் பிறந்து கிருஷ்ணையில் கலப்பது. நீர் வற்றிய மாதங்களில்தான் அதன் படுகையில் அடித்தளம் இடமுடியும். ஆகவே பணி தொடங்கிய காலத்தை இன்னும் சில ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளவேண்டும். அப்போது கதையின் நாயகன் ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவன். அவ்வயதுச் சிறுவனின் காதலுக்கு அஞ்சி ஓர் அரசு தன் கருவூலத்தைத் திறந்தது என்று எழுதுவதற்கு மிகுந்த துணிச்சல் வேண்டும்.

கதையின் ஆதரவாளர்கள் இந்த இடத்தில் பாரசீக நூல்களைத் துணைக்கு அழைப்பர். அக்பரின் தூதராகத் தக்காணம் வந்த ஃபைஸியும், வரலாற்றாசிரியர் ஃபெரிஷ்தாவும் பாக்மதியைக் குறிப்பிட்டுள்ளனர் என்பது உண்மையே. ஆயினும் இருவரும் பேசுவது பாக்நகர் என்ற நகரின் பெயரைப் பற்றி, பாலத்தைப் பற்றியன்று. இருவரும் கோல்கொண்டா அரசவையைச் சேர்ந்தவர்களும் அல்லர். நகரின் பெயர்க் காரணத்துக்குக் காட்டப்படும் சான்றை, அந்நகருக்கு 13 ஆண்டுகள் முற்பட்ட ஒரு பாலத்தின் காரணமாக இழுத்து நீட்டுவதை எந்த ஆய்வு நெறியும் ஒப்பாது.

பாக்மதி இருந்தாரா இல்லையா என்பது பற்றி நெடிய விவாதம் நடந்துள்ளது. ஹாரூன் கான் ஷெர்வானி அவரைக் கற்பனை என்றார். நரேந்திர லூதர் அதை மறுத்து எழுதினார். இரு தரப்பிலும் உழைப்பு உண்டு. எனினும் அந்த விவாதம் ஒரு பழக்கத்தைப் பின்வந்தோரிடம் ஊன்றிவிட்டது. பாலம் என்றவுடன் ‘பாக்மதி மெய்யா பொய்யா’ என்று கேட்பதும், அதற்கு விடை சொல்லிவிட்டால் பாலத்தைப் பற்றிப் பேசி முடித்துவிட்டதாகக் கருதுவதும் அந்தப் பழக்கத்தின் பகுதிகள். கதையை நம்புகிறவரும் கதையை உடைக்கிறவரும் அரண்மனையை விட்டு வெளியே வருவதில்லை. ஒருவருக்கு அரசகுமாரனின் காதல் வேண்டும். மற்றவருக்கு அரசகுமாரனின் பிறந்தநாள் போதும். இருவருக்கும் ஆற்றங்கரைக்குச் சென்று பாலத்தை அளக்கத் தோன்றுவதில்லை.

அளந்தால் என்ன தெரியும்? பொதுவாகத் தரப்படும் அளவுகளின்படி பாலத்தின் நீளம் ஏறத்தாழ 600 அடி; அகலம் 35 அடி; ஆற்றுப்படுகையிலிருந்து உயரம் 54 அடி. இந்த மூன்று எண்களில் அகலமே அதிகம் பேசுகிறது. ஒரு குதிரை கடக்க 10 அடி போதும். மெய்க்காவலர் புடைசூழப் பல்லக்கு செல்ல 15 அடி போதும். 35 அடி என்பது பாரம் ஏற்றிய மாட்டுவண்டிகள் எதிரெதிரே ஒதுங்காமல் செல்வதற்கும், பொதிமாட்டு மந்தைகளும் யானைகளும் படைகளும் கடப்பதற்குமான அகலம். இருபதாம் நூற்றாண்டின் மோட்டார் வண்டிகளையும் பல பத்தாண்டுகள் அது சுமந்தது. 35 அடி அகலத்தைத் தீர்மானித்தவர், கரையில் வரிசையாகக் காத்துநின்ற வண்டிகளைக் கண்ணால் கண்டவராகவே இருக்கவேண்டும்.

அந்த வண்டிகள் எங்கிருந்து எங்கே சென்றன என்பதையும் நிலப்படமே சொல்லிவிடும். கோல்கொண்டாக் கோட்டை மூசியின் வடபுறம் உள்ளது. அக்கோட்டைக்கும் ஆற்றுக்கும் இடையே கார்வான் என்னும் வணிகர் குடியிருப்பு. பெயரே வணிகச் சாத்தைக் குறிப்பது. ஆற்றின் தென்புறம் கிழக்கு நோக்கிச் செல்லும் வழி வங்கக் கடலின் மசூலிப்பட்டினத் துறைமுகத்தை அடைகிறது. வைரமும் துணியும் இரும்பும் வெளியேறவும், குதிரையும் பொன்னும் உள்ளே வரவும் உதவிய அரசின் உயிர்நாடி அந்த வழி. மழைக்காலத்தில் மூசி அதை அறுத்துவிடும். அறுபட்ட வழியை ஆண்டு முழுவதும் பிணைத்து வைத்தது இந்தப் பாலம்.

இப்ராகிம் குதுப் ஷாவின் முப்பதாண்டு ஆட்சியைத் (1550-1580) தொகுத்துப் பார்த்தால் பாலம் தனியொரு நிகழ்வாகத் தெரியாது. ஹுசைன் சாகர் ஏரி அவர் காலத்தது. இப்ராகிம்பட்டினம் ஏரி அவர் பெயரைத் தாங்கியது. கோல்கொண்டாக் கோட்டையின் மதிலைக் கல்லால் வலுப்படுத்தியவரும் அவரே. ஏரி, மதில், பாலம் ஆகிய மூன்றும் ஒரே ஆட்சித் திட்டத்தின் உறுப்புகள். இவற்றுள் ஏரிக்கும் மதிலுக்கும் காரணம் கேட்டால் நீர்ப்பாசனம், பாதுகாப்பு என்று விடை சொல்லும் அதே நூல், பாலத்துக்கு வந்தவுடன் நாணமின்றிக் காதல் என்கிறது.

கால வரிசையும் தலைகீழாக்கப்படுகிறது. பாலம் 1578-இல் முடிந்தது. சார்மினாரும் புதிய நகரமும் எழுந்தது 1591-இல். கோட்டைக்குள் நெருக்கடி முற்றியபோது அரசு தென்கரைக்கு நகர முடிந்ததற்குக் காரணம், அங்கே செல்ல உறுதியான வழி 13 ஆண்டுகளாக இருந்ததே. சார்மினாரின் நான்கு சாலைகளில் மேற்கிலிருந்து வருவது பாலத்திலிருந்தும் கோல்கொண்டாவிலிருந்தும் வருவது. கிழக்கே செல்வது மசூலிப்பட்டினத்தை நோக்கியது. பாலம் நகரைப் பெற்றது என்று சொல்வது மிகையன்று. காதல் கதையோ, நகரையும் பாலத்தையும் ஒரு பெண்ணின் இருப்பிடத்திலிருந்து வருவித்து, காரணத்தைக் காரியமாக மாற்றிவிடுகிறது.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பாலத்தைக் கடந்த ழான் பத்தீஸ்து தவெர்னியே, கண்டதை எழுதியிருக்கிறார். அவர் பிரெஞ்சு நாட்டு வைர வணிகர். பாலத்தின் கோல்கொண்டாப் பக்கத்தில் ஒரு பெரிய புறநகர் இருந்ததையும், வணிகர்களும் தரகர்களும் கைவினைஞர்களும் அங்கேயே குடியிருந்ததையும், அவர்கள் முற்பகலில் நகருக்குள் வந்து அயல்நாட்டு வணிகருடன் கொடுக்கல் வாங்கல் நடத்திவிட்டு மாலையில் வீடு திரும்பியதையும் அவர் குறிப்பிடுகிறார். உழைப்பவர் ஒரு கரையில், உயர்குடியினர் மறு கரையில். நாள்தோறும் இருமுறை பாலத்தின்மேல் மக்கள் வெள்ளம். பாலத்தின் சமூக வரலாற்றை எழுத விரும்பும் ஆய்வாளருக்கு இதைவிட வேறென்ன தொடக்கம் வேண்டும்? எனினும் நூற்றுக்கு ஒருவர்கூட இப்பகுதியை எடுத்தாள்வதில்லை. அதே பயணி இப்பாலத்தின் அழகு பாரிஸ் நகரத்துப் பொன் நெஃப் பாலத்துக்குச் சற்றே குறைந்தது என்று பாராட்டிய ஒற்றை வரியைத்தான் அனைவரும் எடுத்து ஒட்டிக்கொள்கின்றனர்.

அந்த ஒப்பீட்டைப் பாராட்டாகப் பெற்றுக்கொண்டு மகிழாமல், ஆராய்ச்சிக்குரிய ஒப்பீடாக எடுத்துக்கொண்டால் ஒரு கசப்பான உண்மை வெளிப்படும். பொன் நெஃப் பாலத்துக்கு மூன்றாம் ஹென்றி மன்னர் அடிக்கல் நாட்டியது 1578-இல். மூசியின் பாலம் முடிந்த அதே ஆண்டு. உள்நாட்டுச் சமயப் போரால் பாரிஸ் பாலத்தின் பணி இடையில் நின்று, 1607-இல்தான் முடிவுற்றது. ‘பொன் நெஃப்’ என்றால் புதுப்பாலம் என்று பொருள். இன்று பாரிஸ் நகரின் மிகப் பழைய பாலம் அதுவே. ஒரு நகரில் புதுப்பாலம் என்ற பெயரிலும் மற்றொரு நகரில் பழைய பாலம் என்ற பெயரிலும் ஒரே ஆண்டின் இரு பாலங்கள் நிற்கின்றன.

வேறுபாடு பெயரில் மட்டுமா? பொன் நெஃப் பற்றிய நூல்கள் அரச ஆணையத்தையும், வடிவமைப்பில் நேர்ந்த மாற்றங்களையும், பாரிஸ் நகருக்குள் வரும் மதுவின்மீது நான்காம் ஹென்றி விதித்த வரியால் பணம் திரட்டப்பட்டதையும், பாலத்தின்மேல் வீடுகள் வேண்டாம் என்ற முடிவையும் பேசுகின்றன. அந்தப் பாலத்தை வைத்து 1991-இல் லெயோ காராக்ஸ் காதல் படம் ஒன்றையும் எடுத்தார். ஆனால் அந்தப் படத்தை எந்த வரலாற்றாசிரியரும் கட்டுமானத்துக்கான காரணமாகக் காட்டியதில்லை. ஐரோப்பியப் பாலத்துக்கு நிதியும் நிருவாகமும் பொறியியலும் கொண்ட வரலாறு. இந்தியப் பாலத்துக்கு ஒரு சுல்தானின் உணர்ச்சி. கீழைத்தேயத்தவர் கணக்கிடமாட்டார், உணர்ச்சிவயப்படுவார் என்ற காலனியப் பார்வையை நூறு கருத்தரங்குகளில் கண்டித்துவிட்டு, சொந்த ஊர்ப் பாலத்தை எழுதும்போது அதே பார்வையை அணிகலனாகப் பூண்டுகொள்வது வெட்கத்துக்குரியது.

கணக்கு இருந்ததற்குச் சான்று பாலமே. தமிழில் பாலத்தின் ஒவ்வொரு வளைவுத் திறப்பையும் ‘கண்’ என்பது வழக்கு. 600 அடியை 22 கண்களுக்குப் பகிர்ந்தால், ஒரு கண்ணும் அதைத் தாங்கும் தூணும் சேர்ந்து ஏறத்தாழ 27 அடி. அகன்ற சில கண்களைத் தேர்ந்தெடுக்காமல், குறுகிய பல கண்களைக் கட்டியோர் தேர்ந்தெடுத்துள்ளனர். கல் வளைவு தன்மேல் விழும் சுமையைக் கீழ்நோக்கி மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் தள்ளும். வளைவு அகன்று தட்டையாகும்தோறும் பக்கத் தள்ளுதல் மிகும். குறுகிய, உச்சி கூரிய வளைவில் அது குறைவு. அடுத்தடுத்த இரு கண்கள் இருபுறமும் தள்ளும் விசைகள் நடுத்தூணில் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்கின்றன. தூண் பருமனாக இருந்தால், ஒரு கண் இடிந்தாலும் அடுத்த கண் அந்தத் தூணையே கரைச்சுவராகக் கொண்டு நிற்கும். மெல்லிய தூண்களானால் ஒன்று விழும்போது சீட்டுக்கட்டுபோல மற்றவையும் விழும். கட்டும் வேலையிலும் இதற்குப் பயன் உண்டு. ஒத்த அளவுள்ள கண்களானால், வளைவைத் தாங்க அமைக்கும் மரச்சாரத்தை ஒரு கண்ணிலிருந்து கழற்றி அடுத்த கண்ணுக்குக் கொண்டுபோகலாம்.

இதற்கு விலையும் உண்டு. பருத்த தூண்கள் பல நிற்பதால் ஆற்றின் வழி குறுகும். வெள்ளம் பாலத்தின் மேற்புறம் தேங்கி உயரும். அந்தக் குறையை ஈடுகட்டவே பாலத்துக்கு இவ்வளவு உயரம் தேவைப்பட்டது எனக் கொள்வது பொருத்தம். அகலம், உயரம், கண்களின் எண்ணிக்கை, தூணின் பருமன் ஆகியவை ஒன்றையொன்று பிடித்து நிற்கும் முடிவுகள். இந்த முடிவுகளை எடுத்தவர்கள் தந்தைப் பாசத்தால் உந்தப்பட்டவர்கள் அல்லர். ஆற்றின் பல ஆண்டு வெள்ளத்தை அறிந்த தொழிலாளர், கல்தச்சர், மேற்பார்வையாளர். காதல் கதை முதலில் அழிப்பது இவர்களைத்தான்.

அவர்களின் முடிவுகளை ஆறு பலமுறை சோதித்துப் பார்த்தது. 1820-இல் வெள்ளத்தால் பாலம் பழுதுற்று, நிஜாம் சிக்கந்தர் ஜா காலத்தில் செப்பனிடப்பட்டது. 1908 செப்டம்பர் 28-ஆம் நாள் மூசியில் வந்த பெருவெள்ளம் ஏறத்தாழ 15,000 உயிர்களைக் கொண்டுபோனது. ஆற்றின் மேற்பகுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட ஏரிகள் உடைந்தன. அன்று நகரில் மூசியின் குறுக்கே நான்கு பாலங்கள் இருந்தன. அஃப்சல், முசல்லம் ஜங், சாதர்காட் ஆகிய மூன்று புதிய பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. சேதமுற்றும் நிலைத்து நின்று இரு கரைகளையும் இணைத்தது பழைய பாலம் ஒன்றே. ‘புரானா’ என்ற பெயருக்கான விளக்கமும் இந்த நான்கு பாலங்களிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் புதிய பாலங்கள் வந்த பின், மக்கள் முதல் பாலத்தைப் பழைய பாலம் என்றனர். ‘ப்யாரானா’ என்ற சொல்லைத் தேடி அலையவேண்டிய தேவை எங்கே இருக்கிறது?

இங்கே மற்றொரு கும்பலையும் எச்சரிக்கவேண்டும். காதல் கதையை விட்டவுடன் ‘நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்லர்’ என்ற கதையைத் தூக்கிக்கொள்ளும் கும்பல் அது. புதிய பாலங்கள் விழுந்தன, பழையது நின்றது. ஆகவே பழைய அறிவே உயர்ந்தது என்பர். காரையில் முட்டையும் வெல்லமும் கடுக்காயும் கலந்ததே இரகசியம் என்று, ஒரு சிட்டிகைக் காரையைக்கூட ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமல் முழங்குவர். நான்கு பாலங்களில் ஆற்றின் மேல்நிலையில் இருப்பது பழைய பாலம். கீழ்நிலைப் பாலங்களைத் தாக்கிய வெள்ளமும் மிதவைப் பொருள்களும் வேறு அளவின. அடித்தளப் பாறை, படுகையின் சரிவு, கண்களின் அகலம் ஆகிய ஒவ்வொன்றையும் ஒப்பிட்ட பின்பே எது ஏன் நின்றது என்று சொல்ல இயலும். ஒரு மாயக்கதையை இறக்கிவிட்டு அதே பீடத்தில் மற்றொன்றை ஏற்றுவது ஆராய்ச்சியாகாது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, ‘நாட்டார் வழக்காறு மக்களின் சொத்து, அதைத் திருத்த ஆய்வாளர் யார்?’ என்பது. ஏற்கத்தக்க வினா. நாட்டார் கதையை நாட்டார் கதையாக ஆராய்க. யார் சொன்னார், எப்போது சொன்னார், எந்த மொழியில் சொன்னார், அச்சிட்ட கையேடு வந்தபின் கதை எவ்வாறு இறுகியது என்று எழுதுக. அது நல்ல ஆய்வு. கட்டுமானத்தின் காரணத்தை அதிலிருந்து பெறுவதுதான் பிழை. இரண்டும் ஒரே பத்தியில் ‘என்று கூறப்படுகிறது’ என்னும் தொடரால் ஒட்டப்படும்போது, நாட்டார் வழக்காறும் கெடுகிறது; வரலாறும் கெடுகிறது.

இரண்டாவது எதிர்வாதம் கூடுதல் கனமுடையது. முஸ்லிம் இளவரசரும் இந்துப் பெண்ணும் காதலித்த கதை இன்றைய வெறுப்புச் சூழலில் நல்லிணக்கத்துக்கு உதவுகிறது. அதை ஏன் உடைக்கவேண்டும் என்று முற்போக்காளர் பலர் கேட்கின்றனர். நோக்கம் நல்லது, கருவி பழுதானது. ஹைதராபாத்தின் பெயரைப் ‘பாக்யநகர்’ என மாற்றக் கோருவோரில் சிலரும் அதே பாக்மதியைத்தான் சாட்சிக்கு அழைக்கின்றனர். ஒரே கதை இரு எதிரெதிர் அரசியலுக்கும் மறுப்பின்றிச் சேவகம் செய்கிறது. யார் அழைத்தாலும் வந்து, வேண்டியதைச் சொல்லும் சாட்சியை எந்த வழக்கறிஞரும் நம்பமாட்டார்.

நல்லிணக்கத்துக்குச் சான்று வேண்டுமென்றால் பாலம் நிற்கும் உலகிலேயே அது நிறைய இருக்கிறது. இப்ராகிம் அரியணை ஏறுமுன் விஜயநகர அரசவையில் ஏழாண்டுகள் அடைக்கலம் பெற்றிருந்தவர். தெலுங்குப் புலவர்கள் அவரை ‘மல்கிபராமுடு’ என்று பாடினர். குதுப் ஷாஹி ஆட்சியில் அரசாணைகள் பாரசீகத்திலும் தெலுங்கிலும் எழுதப்பட்டன. பல மொழியினர் ஒரே ஆட்சியில் வரி கட்டினர், கல் உடைத்தனர், வண்டி ஓட்டினர், கணக்கு எழுதினர். சேர்ந்து வாழ்ந்ததற்கு இந்த அன்றாடமே ஆதாரம். ஒரு படுக்கையறையை நம்பி நிற்கும் நல்லிணக்கம், பாக்மதி இல்லை என்று நாளை ஓர் ஆவணம் வந்தால் சரிந்துவிடும். ஒரு சந்தையை நம்பி நிற்பது அவ்வாறு சரியாது.

இவையெல்லாம் ஏட்டுச் சண்டை என்று ஒதுக்குவதற்கில்லை. ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்லப்படும் கதையே அதைப் பேணும் முறையையும் தீர்மானிக்கிறது. புரானா புல்லில் வாகனங்கள் செல்வது நின்று பல ஆண்டுகளாயிற்று. அவற்றை அருகிலுள்ள புதிய பாலம் சுமக்கிறது. பழைய பாலத்தின்மேல் காய்கறி விற்போர் கூடைகளும் தார்ப்பாய்களும் விரித்து அமர்ந்துள்ளனர். பாலத்தைக் காதல் சின்னம் என்று கொண்டால் அந்தக் கூடைகள் அழகைக் கெடுக்கும் ஆக்கிரமிப்பு. அகற்றி, வண்ண விளக்கிட்டு, படமெடுக்க மேடை அமைப்பதே ‘பாதுகாப்பு’ ஆகிவிடும். வணிக வழியின் பாலம் என்று கொண்டால், தவெர்னியே கண்ட அந்தக் கூட்டத்தின் இன்றைய வழித்தோன்றல்கள் அவர்களே. அவர்களுக்குக் குடிநீரும் குப்பை அகற்றலும் முறையான இடமும் தருவது பாலத்தைப் பேணுவதன் பகுதியாகும்.

பாலத்தின் மேற்புறத்தைவிட அடிப்புறத்தின் நிலை கவலைக்குரியது. 1908-க்குப் பின் விசுவேசுவரய்யாவின் பரிந்துரைப்படி மேலே உஸ்மான் சாகர் (1920), ஹிமாயத் சாகர் (1927) நீர்த்தேக்கங்கள் எழுந்தன. வெள்ளம் அடங்கியது, ஆறு மெலிந்தது, மெலிந்த ஆற்றின் படுகைக்குள் நகரம் புகுந்தது. கழிவுநீரும் கட்டட இடிபாடும் ஆற்றில் சேர்ந்தன. பாலத்தின் கண் ஒன்று வண்டலாலும் குப்பையாலும் அடைபட்டால் மற்றக் கண்களின் வழியே நீர் கூடுதல் வேகத்துடன் பாயும். வேகம் மிகுந்தால் தூணின் அடியிலுள்ள மண் அரிக்கப்படும். கற்பாலங்கள் பெரும்பாலும் மேலிருந்து நொறுங்குவதில்லை, அடியிலிருந்து சரிகின்றன. 2020 அக்டோபரில் பெய்த பெருமழை, மூசி இறந்த ஆறன்று என்பதை நகருக்கு நினைவூட்டியது. ஆற்றங்கரை மேம்பாட்டைப் பற்றிய பேச்சு இப்போது உரக்க நடக்கிறது. அந்தப் பேச்சில் 22 கண்களும் முழுமையாகத் திறந்திருக்கவேண்டும் என்று வாதாட, பாலம் நீருக்காகவும் கட்டப்பட்டது என்று அறிந்தவர் வேண்டும். காதல் கதை படித்தவருக்கு அந்தக் கோரிக்கை தோன்றாது.

செப்பனிடுவதிலும் இதே சிக்கல். சுண்ணாம்புக் காரையால் இணைந்த கல்கட்டு சிறிது நெகிழும், ஈரத்தை வெளிவிடும். அதன் இடுக்குகளில் சிமெண்டை அடைத்தால் ஈரம் உள்ளே சிறைப்படும்; கடினமான சிமெண்ட், கல்லின் விளிம்பைத் தின்னும். சின்னமாகப் பார்ப்பவருக்கு வெளிப்பூச்சு சீராக இருந்தால் போதும். உழைக்கும் கட்டுமானமாகப் பார்ப்பவரே உள்ளிருக்கும் காரையைப் பற்றிக் கேட்பார்.

ஆகவே பல்கலைக்கழகத் துறைகள் செய்யவேண்டியது தெளிவு. வரலாற்றுத் துறை மாணவரும் கட்டடப் பொறியியல் மாணவரும் ஒன்றாக ஆற்றில் இறங்கி, 22 கண்களின் அகலத்தையும் உயரத்தையும் தூண்களின் பருமனையும் தனித்தனியே அளந்து வரைபடமாக்கவேண்டும். 1820, 1908 வெள்ளங்களுக்குப் பிந்தைய செப்பனிடல்களில் எந்தக் கல் எப்போது மாற்றப்பட்டது என்பதைக் கட்டுவேலையின் வேறுபாட்டைக் கொண்டு பிரித்தறியவேண்டும். காரை மாதிரிகள் ஆய்வுக்கூடத்துக்குப் போகவேண்டும். ஆவணக்காப்பகத்தில் பாரசீகமும் உருதும் தெலுங்கும் அறிந்தோர் சுங்கம், சாலை, வண்டிப் போக்குவரத்து பற்றிய தாள்களைத் தேடவேண்டும். பாலத்தின்மேல் கடை விரித்திருப்போரின் வாய்மொழி வரலாறும் பதிவாகவேண்டும். இவற்றுள் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை. இரண்டு பருவங்களின் களப்பணியும், வழிகாட்டும் பேராசிரியரின் அக்கறையும் போதும்.

அதுவரை ஒரு சிறிய ஒழுக்கத்தையாவது கடைப்பிடிக்கலாம். புரானா புல் பற்றிய ஆய்வேட்டின் முதல் பத்தியில் பாக்மதி வரவேண்டாம். 35 அடி அகலம் வரட்டும். அதன்மேல் நாள்தோறும் போய் வந்த தரகரும் கைவினைஞரும் வரட்டும். பாக்மதிக்கு நாட்டார் வழக்காற்று இயலில் மதிப்புக்குரிய ஓர் இடம் இருக்கிறது. அங்கே அவரைப் பற்றி எழுதுவோர் எழுதட்டும்.